மார்கஸ் அரேலியஸைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு வெள்ளைச் சிலை, சுருட்டைத் தாடி, கீழே இரண்டு வரி தத்துவம், அதன் கீழே 'மார்கஸ் அரேலியஸ்' என்று அந்த ரோமப் பேரரசரின் பெயர். இப்படி ஒரு படம் வந்தால் பகிர்வதற்கு முன் அந்த வரி அவருடையதுதானா என்று பாருங்கள். "நாம் கேட்பதெல்லாம் கருத்துதான், உண்மையல்ல" என்று ஒன்று எங்கே பார்த்தாலும் சுற்றுகிறது, அவருடைய 'மெடிடேஷன்ஸ்' (Meditations) நூலில் அப்படி ஒரு வாக்கியமே கிடையாது. கண்டுபிடிப்பது எளிது: நூலில் 12 பகுதிகள், ஒவ்வொன்றிலும் பத்திகளுக்கு எண் உண்டு. எண் சொல்லாத மேற்கோளை உடனே நம்பாதீர்கள்.

அடுத்தது, அவர் நமக்கு உபதேசம் செய்கிறார் என்று நினைப்பது. பெரிய தவறு இதுதான், மற்ற பாதித் தவறுகள் இதிலிருந்தே வருகின்றன. கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட மனிதர், டான்யூப் ஆற்றுப் பக்கம் போர், நாட்டுக்குள் கொள்ளைநோய், இதற்கு நடுவில் தனக்குத்தானே கிரேக்கத்தில் எழுதிக்கொண்ட குறிப்புகள் இவை. ஒரு பகுதியில் 'குவாடிகள் நடுவே, கிரானுவா ஆற்றங்கரையில்' என்று குறித்திருக்கிறது, இன்னொன்றில் 'கார்னுந்தத்தில்' என்று. குவாடிகள் அவர் போரிட்ட ஜெர்மானிய இனத்தார், கார்னுந்தம் டான்யூப் கரையில் இருந்த ரோமப் படைத்தளம். அச்சில் வந்ததே 1559இல்தான். அதனால் 'நீ' என்று வரும் இடமெல்லாம் அவர் தன்னையே திட்டிக்கொள்வதாகப் படியுங்கள், தொனியே மாறிவிடும்.

ஐந்தாம் பகுதியின் முதல் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எழ மனமில்லை. மனிதனுக்குரிய வேலையைச் செய்யத்தானே எழுகிறேன், போர்வைக்குள் கதகதப்பாகக் கிடக்கவா பிறந்தேன் என்று கேட்டுக்கொள்கிறார். உடனே உள்ளேயிருந்து பதில்: "இது சுகமாக இருக்கிறதே!" சிட்டுக்குருவி, எறும்பு, சிலந்தி, தேனீ எல்லாம் தன் வேலையைப் பார்க்கின்றன, நீ மட்டும் ஏன் என்று மடக்கினால், ஓய்வும் வேண்டுமே என்று அடுத்த சாக்கு. பேரரசரும் நம்மைப் போலத்தான் படுக்கையோடு மல்லுக்கட்டியிருக்கிறார்! இதைப் போய் 'ஐந்து மணிக்கு எழுந்தால் கோடீஸ்வரன்' வீடியோவுக்குத் தலைப்பாக்குகிறார்கள், எரிச்சலாக வருகிறது.

பாதியை மட்டும் வெட்டி எடுப்பதும் உண்டு. "இன்று வம்பு பேசுபவன், நன்றி கெட்டவன், திமிர் பிடித்தவன் எல்லாரையும் சந்திப்பேன்" என்று இரண்டாம் பகுதி தொடங்குவது ஆபீஸ் கடுப்பில் இருப்பவர்களுக்கு இனிக்கும். ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. அவர்களும் என் உறவினர்கள், கை, கால், இமை, மேல்வரிசை கீழ்வரிசைப் பற்கள் மாதிரி சேர்ந்து இயங்கப் பிறந்தவர்கள், அவர்கள்மேல் கோபப்பட முடியாது என்றுதான் முடிக்கிறார்.

அவர் பின்பற்றியது ஸ்டோயிக் தத்துவம், நம் வசத்தில் இல்லாததற்குக் கலங்காமல் அறத்தோடு வாழச் சொல்வது. ஸ்டோயிக் என்றால் கல்நெஞ்சு என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள், பல குழந்தைகளைப் பறிகொடுத்த தகப்பன் அவர். அதற்காக மகான் ஆக்கிவிடவும் வேண்டாம். அடிமையாகப் பிறந்த ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸின் சொற்களைப் போற்றிப் படித்தவர்தான், அவர் ஆட்சியிலும் அடிமைமுறை அப்படியே இருந்தது. மகன் கமோடஸை 177இல் இணைப்பேரரசன் ஆக்கியவரும் அவரே, அந்த மகனின் ஆட்சி கொடுங்கோலாகி அவன் கொலையோடு முடிந்தது.

கடைசியாக, முதல் பகுதியிலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். தாத்தா, அம்மா, ஆசிரியர்கள் என்று முழுக்க நன்றிப் பட்டியல், பலர் அங்கேயே நூலை மூடிவிடுகிறார்கள். இரண்டிலோ ஐந்திலோ தொடங்கி அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால், எபிக்டெட்டஸின் உரைக்குறிப்புகளைத் தன் வீட்டுப் பிரதியிலிருந்து கொடுத்த ஆசிரியர் ருஸ்டிகஸுக்கு அவர் ஏன் அவ்வளவு நன்றி சொல்கிறார் என்பது அப்போது புரியும்.