இரண்டு கால் உதையின் வேகத்தையும் போனிலேயே அளப்பது எப்படி?

கால்பந்து அகாடமியில் ஆடும் 14, 15 வயதுப் பிள்ளைகளிடம் "உனக்கு எந்தக் கால்?" என்று கேட்டால், "ரெண்டு காலும்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒரு சுவர், டேப், நன்றாகக் காற்றடித்த 5-ம் எண் பந்து, நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் எடுக்கும் போன், அதை நிறுத்த ஒரு ஸ்டாண்ட். இவ்வளவு போதும்.

முதல் படி: கேட்காதீர்கள், கவனியுங்கள்

சொல்லாமல் கொள்ளாமல் பந்தை உருட்டிவிடுங்கள். எந்தக் கால் தானாக முன்வருகிறதோ அதுதான் உதைகால். மற்றது ஊன்றுகால். உதைக்கும்போது உடம்பு முழுவதையும் தாங்குவது அதுதான். அதனால் அதை 'பலவீனமான கால்' என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

இரண்டாம் படி: தூரம்

பெனால்டி தூரமான 11 மீட்டரையே வைத்துக்கொள்ளலாம். பந்தின் நடுவிலிருந்து அளக்க வேண்டாம், சுவரைப் பார்த்திருக்கும் முன்பக்கத்திலிருந்து அளக்கவும். சுவரில் முதலில் படுவது அந்தப் பக்கம்தானே! போனைப் பக்கவாட்டில், பந்தும் சுவரும் ஒரே காட்சியில் தெரியும்படி நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: உதை

உடம்பைச் சூடாக்கிக்கொண்ட பிறகு, கால் மாற்றி மாற்றி, ஒவ்வொரு காலுக்கும் ஐந்து உதை. எந்தக் காலால் உதைத்தாலும், உதைக்கும் முன் ஓடிவருவது மூன்றே காலடி. உயரமாகவோ கோணலாகவோ போன பந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது 11 மீட்டருக்கு மேல் பயணித்திருக்கும்.

நான்காம் படி: கணக்கு

கால் பந்தில் படும் ஃபிரேமிலிருந்து பந்து சுவரில் படும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். வீடியோவில் ஓடும் கடிகாரத்தை நம்ப வேண்டாம், அது மெதுவாக்கப்பட்ட நேரம். 11-ஐ 240-ஆல் பெருக்கி, எண்ணிய ஃபிரேமால் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். அதை 3.6-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கணக்கு.

வலது காலில் 110 ஃபிரேம் என்றால் மணிக்கு 86.4 கி.மீ. இடது காலில் 132 ஃபிரேம் என்றால் 72 கி.மீ. அதாவது இடது கால், வலதின் வேகத்தில் 83 சதவீதம்தான். சாதாரண 30 ஃபிரேம் வீடியோவில் இதைச் செய்யாதீர்கள். ஒரு ஃபிரேம் தவறினாலே விடை சுமார் 7 சதவீதம் பிசகிவிடும்.

ஐந்தாம் படி: எண்ணை எப்படிப் படிப்பது?

பக்கத்துப் பையனோடு ஒப்பிட வேண்டாம். இந்த வயதில் ஒருவன் முன்பே வளர்ந்திருப்பான், இன்னொருவன் இனிதான் வளர்வான். ஒரே ஆளின் இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் உடனே ஜிம்முக்கு அனுப்பிவிடாதீர்கள். பெரும்பாலும் குறைவது தசை பலமல்ல, அசைவின் ஒழுங்கு. இடுப்பு, முழங்கால், பாதம் என்று வேகம் வரிசையாக இறங்கி வராததால் பாதம் மெதுவாகவே பந்தில் படுகிறது. அதே வீடியோவை மறுபடி ஓட்டுங்கள். ஊன்றும் பாதம் பந்துக்குப் பக்கத்தில் விழுகிறதா, பின்தங்கி விழுகிறதா? பந்தில் படும் நொடியில் கணுக்கால் இறுகியிருக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா? பின்தங்கினால் உடம்பு பின்னால் சாயும், பந்து மேலே பறக்கும். இதற்கு ஓட்டமில்லாமல் ஒரே அடி எடுத்துவைத்து, கிட்டத்தில் இருந்து உதைக்கும் பயிற்சியே நல்லது. வேகத்தை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டு காலையும் பழக்கியவருக்கு ஓர் உதாரணம்: 1990 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் மேற்கு ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் பிரேமே வெற்றி கோலை வலது காலால் அடித்தார், பெனால்டியில். அவர் ஆடியதோ இடது பக்கத் தடுப்பாட்டக்காரராக!

ஆறு வாரம் கழித்து மறுபடி அளங்கள். அதே பந்து, அதே சுவர், அதே மூன்று காலடி ஓட்டம். பந்து நனைந்திருந்தால் அன்று விட்டுவிடுங்கள்.