மைனஸ் 20 குளிரில் வெளியே நிற்க: அடுக்கு உடையும் பேட்டரி ஜாக்கெட்டும்

டொராண்டோவில் ஜனவரி மாதம் கைபேசி மைனஸ் 10 என்று காட்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 20. மைனஸ் 15-இல் அதே காற்று அடித்தால் மைனஸ் 26. இதைத்தான் விண்ட் சில் என்று வானிலை அறிக்கையில் தனியாகச் சொல்கிறார்கள். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால் காது, மூக்கு நுனி, கன்னம் ஆகியவை 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். நகரின் ஸ்கார்பரோ பகுதியில் பஸ்ஸுக்கு நிற்பவரும், சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவரும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் உடுத்த வேண்டும்.

பவர் பேங்கில் ஓடும் சூடேற்றும் ஜாக்கெட், அதாவது பேட்டரி ஜாக்கெட், வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. சும்மா நிற்கும் மனித உடலே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. பேட்டரி ஜாக்கெட் நடுச் சூட்டு அளவில் தருவது 10 வாட் போல. உங்கள் 100 வாட்டைக் காற்றில் விட்டுவிட்டு அந்தப் பத்தை நம்பினால் குளிரத்தான் செய்யும். அதனால் முதலில் அடுக்குகள்.

தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல், மேலும் கீழும். இங்கே பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நீர், அசையாத காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதன்மேல் ஃப்ளீஸ் என்னும் பஞ்சுபோன்ற பாலியஸ்டர் சட்டை. எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத, இடுப்புக்குக் கீழே இறங்கும் வின்டர் ஜாக்கெட். அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. கையைத் தூக்கும்போது தோள் இறுக்கினால் அந்தக் காற்று பிதுங்கிப் போய்விட்டது என்று அர்த்தம்; வெளி ஜாக்கெட்டை ஓர் அளவு பெரிதாக எடுங்கள்.

ஸ்னோ தள்ளப் போகிறீர்களா? தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். ஐந்து நிமிடத்தில் உடல் சூடாகிவிடும். வியர்க்கும் முன்பே ஃப்ளீஸைக் கழற்றிவிட்டு, வேலை நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள். வியர்த்தபின் கழற்றிப் பயனில்லை, உள்ளாடை ஏற்கெனவே நனைந்திருக்கும்.

பேட்டரி ஜாக்கெட்டையோ வெஸ்ட்டையோ மெல்லிய தெர்மலுக்கு மேல், தடித்த ஜாக்கெட்டுக்கு உள்ளே போட வேண்டும். பலர் அதையே வெளிச் சட்டையாகப் போடுகிறார்கள். பாதிச் சூடு தெருவுக்குப் போகிறது. கிளம்பும் முன் 5 நிமிடம் உச்ச அளவில் வைத்து, பிறகு குறைந்த அளவுக்கு இறக்குங்கள். எவ்வளவு நேரம் வரும் என்பதைப் பெட்டியில் பார்ப்பதைவிட நீங்களே கணக்கிடலாம். 10,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) பவர் பேங்க் என்பது 3.7 வோல்ட்டில் 37 வாட்-மணி. வோல்ட்டை மாற்றுவதில் வீணாவது போக 30 தேறும். நடு அளவின் 10 வாட்டுக்கு 3 மணி நேரம். குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் இன்னும் குறையும் என்பதால் அதை உள் பையில், உடலோடு ஒட்டி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே சார்ஜில் போடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த செல்லைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அறைச் சூட்டுக்கு வரட்டும்.

குறைந்த அளவில் வைத்ததும் ஜாக்கெட் தானாக அணைகிறது என்றால் பெரும்பாலும் ஜாக்கெட்டில் பழுதில்லை. மின்னோட்டம் மிகவும் குறைந்தால் சில பவர் பேங்குகள் தாமாக நின்றுவிடும். வேறொன்றை மாட்டிப் பாருங்கள்.

சூடேற்றும் தகட்டை வெறும் தோலில் படவிடக் கூடாது. தொட்டால் சுடாத வெப்பமும் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் பட்டால் புண்ணாக்கும். நீரிழிவால் கால் மரத்தவர்கள் சூடேற்றும் காலுறையைத் தவிர்ப்பதே நல்லது. சுடுவதே அவர்களுக்குத் தெரியாது.

காலுக்கு ஒரு தடித்த கம்பளிச் சாக்ஸ் போதும். இரண்டைத் திணித்து பூட்ஸ் இறுகினால் ரத்தம் விரலுக்கு இறங்காது. தரையின் குளிர் அடிவழியே ஏறுவதால் பூட்ஸுக்குள் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) இன்சோல் போடுங்கள். கைக்கு, விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன். குலுக்கினால் சூடாகும் பொட்டலங்களில் இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து சூடு தருகிறது; இறுக்கமான பூட்ஸுக்குள் காற்றில்லாமல் அவை சோர்ந்துவிடும், மிட்டனுக்குள் நன்றாக வேலை செய்யும். மிச்சமிருந்தால் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடுங்கள், நின்றுவிடும். மறுபடி வெளியே எடுத்தால் சூடு திரும்பும்.

விரலோ காதோ வெளுத்து, உணர்வற்று, மெழுகுபோல ஆனால் தேய்க்காதீர்கள்; ஸ்னோவை வைத்துத் தேய்ப்பது இன்னும் கேடு. உள்ளே போய் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துங்கள். அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்டக் கூடாது. திரும்ப வெளியே போய் உறையும் வாய்ப்பு இருந்தால் இளக்கவே வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.