கூகுளில் நம் கடை தெரிய: ஒரு விளக்குப் பட்டறையிலிருந்து செய்முறை

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் சாலையில் பத்து கிலோமீட்டர் போனால் நாச்சியார்கோவில். கல் கருடனுக்குப் பேர்போன ஊர், குத்துவிளக்குக்கும்தான். என் தாய்மாமா அங்கே விளக்குப் பட்டறை வைத்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவருக்குப் பணம் கொடுத்து வெப்சைட் போட்டார். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது கேட்டார்: "மாப்ள, நம்ம விளக்கைத் தேடுனா யார் யாரோ வர்றாங்க, நாம வரல. சைட்டு இருக்கா இல்லையா?"

சைட் இருந்தது. கூகுளுக்குத்தான் தெரியவில்லை. அதைச் சரிசெய்ய நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். மன்னார்குடியில் பாரம்பரிய அரிசி விற்பவருக்கும் திருபுவனத்தில் பட்டு விற்பவருக்கும் இதே வழிதான். கோடிங் தெரிய வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பேனாவும் கட்டாயம் வேண்டும்.

படி 1: பேரேட்டில் நம் பெயர் இருக்கிறதா?

கூகுள்பாட் என்று ஒரு நிரல் இருக்கிறது. அது லிங்க் பிடித்துப் பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கும். படித்ததைப் பேரேட்டில் பதிந்துகொள்ளும். அதற்கு இண்டெக்ஸ் என்று பெயர். நாம் தேடும்போது கூகுள் அந்தப் பேரேட்டைத்தான் புரட்டுகிறது, இணையத்தை அல்ல.

நம் பக்கம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க, கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் சைட் என்று போடுங்கள். உடனே முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் வெப்சைட் முகவரியை எழுதுங்கள். பதிவான பக்கங்கள் வரும். மாமாவின் சைட்டுக்கு ஒரு பக்கம்கூட வரவில்லை.

காரணம் ஒரே ஒரு டிக். மாமாவின் சைட் வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் போடும் மென்பொருளில் செய்தது. அதில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங் என்று போனால், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பதிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு கட்டம் இருக்கும். வேலை முடியும்வரை மறைத்துவைக்க அதை டிக் செய்வார்கள். சைட் போட்டுக் கொடுத்தவர் எடுக்க மறந்துவிட்டார். மூன்று வருடம் கடையைத் திறந்து வைத்து, ஷட்டரை மட்டும் இறக்கியே வைத்திருந்திருக்கிறோம். உங்கள் சைட்டிலும் இதை முதலில் பாருங்கள்.

அடுத்து கூகுள் சர்ச் கன்சோல். நம் சைட் கூகுளில் எப்படித் தெரிகிறது என்று சைட்காரருக்குக் காட்டும் கருவி. இலவசம். ஜிமெயில் கணக்கால் நுழைந்து, சைட் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். டொமைன், அதாவது வெப்சைட் பெயர், வாங்கிய இடத்தில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லும், சேர்த்தால் போதும். சைட்மேப் என்பது சைட்டில் உள்ள பக்கங்களின் பட்டியல். பிறகு சைட்மேப் என்ற பகுதியில் அதன் முகவரியைக் கொடுங்கள். வேர்ட்பிரஸ் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து சைட்மேப்பைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. முக்கியமான பக்கங்களை மட்டும் மேலே உள்ள பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டு, இண்டெக்ஸ் செய்யக் கோரும் பொத்தானை அழுத்தலாம்.

படி 2: வாடிக்கையாளர் வாயிலிருந்து சொல் எடுப்பது

எல்லாரும் அவசரமாகத் தாண்டிப்போகும் படி இது. எனக்குக் கேட்டால் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது.

மாமாவின் சைட்டில் முதல் வரி இப்படி இருந்தது: "பாரம்பரியமும் தரமும் எங்கள் தாரக மந்திரம்." எந்த மனிதரும் இதைத் தட்டித் தேட மாட்டார். கடைக்கு வருகிறவர் என்ன கேட்கிறார்? ஒரு வாரம் போன் பக்கத்தில் நோட்டை வைத்து, கேட்டவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொன்னேன். அத்தை எழுதினார். அதிலிருந்து சில:

"கோயிலுக்குக் கொடுக்க அஞ்சடி விளக்கு ஜோடி என்ன விலை?"
"மூணடி விளக்கு எத்தனை கிலோ வரும்?"
"அன்னம் வச்சதா, வைக்காததா?"
"கழட்டி பஸ்ல எடுத்துட்டுப் போகலாமா?"

கடைசிக் கேள்வியைப் பாருங்கள். குத்துவிளக்கின் அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்து, கடைசல் போட்டு, மரை வைத்துப் பூட்டுவது. மாமாவுக்கு இது சொல்லவே வேண்டாத சங்கதி, அதனால் சைட்டில் எங்கேயும் எழுதவில்லை. வாங்குகிறவருக்கோ அதுதான் பெரிய கவலை.

அடுத்து எழுத்துக்கூட்டல். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தீராத தலைவலி. நாச்சியார்கோவில் என்றும் எழுதுகிறோம், நாச்சியார்கோயில் என்றும் எழுதுகிறோம். ஆங்கில எழுத்தில் திருவாரூரை ஹெச் போட்டு எழுதுபவரும் உண்டு, போடாதவரும் உண்டு. குத்துவிளக்கை ஒரே சொல்லாகவும் இரண்டாகப் பிரித்தும் தட்டுகிறார்கள். வெளியூர்க்காரர் தஞ்சாவூர் ஓவியத்தை டேஞ்சூர் பெயிண்டிங் என்றுதான் தேடுவார். உங்கள் பொருளுக்கு எத்தனை பெயர், எத்தனை எழுத்துக்கூட்டல் என்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கூகுளில் பாதி தட்டி நிறுத்துங்கள். கீழே விழும் பட்டியல், மற்றவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று காட்டும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: சொல்லைப் பக்கத்தில் உட்கார வைப்பது

ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். ஐந்தடி விளக்குக்கு ஒன்று, காமாட்சி விளக்குக்கு ஒன்று, தூண்டாமணி விளக்குக்கு ஒன்று. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்தில் கொட்டினால் எதற்கும் முன்னால் வராது.

பக்கத்தின் டைட்டில்தான் தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரிவது. மாமாவின் முகப்பு டைட்டில் வெறும் "ஹோம்". அதை இப்படி மாற்றினோம்: "நாச்சியார்கோவில் குத்துவிளக்கு: 3 அடி, 5 அடி பித்தளை விளக்கு விலை, எடை". டைட்டிலுக்குக் கீழே வரும் இரண்டு வரி விவரணையால் தரவரிசை ஏறாது, ஆனால் அதைப் படித்துத்தான் ஆள் உள்ளே வருகிறார். கீவேர்ட் என்ற தனிப்பெட்டியில் நூறு சொல் அடுக்கச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. நேரத்தை வீணாக்காதீர்கள்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும், அதாவது எல்லாக் கணினியும் போனும் தமிழாகவே படிக்கும் பொது முறையில். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகள். கூகுள் அதைத்தான் படிக்கும். இரண்டு, பக்கத்தின் முகவரி. தமிழ் முகவரி தேடலுக்குத் தடையில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் சதவீதக் குறிகளாக விரிந்துவிடும். "தஞ்சாவூர்" என்ற ஒரே சொல் 81 எழுத்துகளாக நீளும். அதனால் முகவரியை மட்டும் சிறிய ஆங்கில எழுத்தில் வைக்கிறேன்.

படி 4: படம்

விலைப்பட்டியலை நோட்டீஸ் படமாகப் போட்டிருந்தோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்கக்கூடாது. விலை, எடை, உயரம் மூன்றையும் எழுத்தாகவே தட்டினோம். ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் என்ற பெட்டியில் படத்தில் இருப்பதைச் சொன்னோம்: "அன்னம் வைத்த ஐந்து முகக் குத்துவிளக்கு, 5 அடி". போனில் எடுத்த படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால்தான் நல்ல வேகம் என்பது கூகுளின் அளவுகோல். வயல் நடுவே ஒரு கோடு சிக்னலில் திறந்து பார்த்தால் உங்களுக்கே புரியும். கூகுள் இப்போது படித்துப் பதிவதும் சைட்டின் மொபைல் வடிவத்தைத்தான்.

படி 5: மேப்

உள்ளூர்க் கடைக்கு வெப்சைட்டைவிட இது சீக்கிரம் பலன் தரும். கூகுள் மேப்பில் நம் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். முன்பு மை பிசினஸ் என்று இருந்தது, 2021இல் பெயர் மாறியது. கடைப் பெயரை போர்டில் உள்ளபடியே போடுங்கள். பெயரோடு ஊர், பொருள் எல்லாவற்றையும் ஒட்டுவது விதிமீறல், கணக்கே முடங்கலாம். கடை நேரம், போன், வாசல் படம், பட்டறைப் படம் சேருங்கள். சரிபார்ப்புக்குக் கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னால் பெயர்ப் பலகை தெரிய எடுங்கள்.

விளக்கு வாங்கிப் போனவருக்கு மறுநாள் நன்றி சொல்லி ரிவ்யூ லிங்க்கை அனுப்புங்கள். பரிசு கொடுத்து ரிவ்யூ வாங்க வேண்டாம். குறை சொல்லி எழுதியவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். அடுத்து வருகிறவர் அதைத்தான் படிப்பார்.

படி 6: வெளியே நாலு பேர் நம்மைச் சொல்ல

மற்ற சைட்டுகள் நமக்கு லிங்க் கொடுத்தால் மதிப்பு கூடும். அதற்காக லிங்க்கை விலைக்கு வாங்காதீர்கள். 2012இல் தரவரிசை முறையில் பெங்குவின் என்ற மாற்றம் வந்ததிலிருந்து கூகுள் அதைக் கண்டிப்பாகப் பார்க்கிறது. வண்டல் மண்ணில் அச்சு செய்து, உருக்கிய பித்தளையை ஊற்றுவதை மாமா செய்யும்போது நிமிட வீடியோக்களாக எடுத்தோம். யூடியூபில் போட்டு, விளக்கக் குறிப்பில் அந்தந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தோம். கோயில் சுற்றுலா பற்றி எழுதும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தானாகவே லிங்க் கொடுத்தார்.

முதல் பக்கத்தில், முதல் இடத்தில் கொண்டுவருவேன் என்று உத்தரவாதம் கொடுத்துப் பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். மாமா ஒருமுறை கொடுத்து ஏமாந்திருக்கிறார். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, கூகுளே அப்படித்தான் சொல்கிறது.

விதைக்கும் காலமும் முக்கியம். புதுப் பக்கம் மேலே வர மாதக்கணக்கில் ஆகலாம். கார்த்திகை தீபத்துக்கான பக்கத்தை ஆடியிலேயே போட்டுவிடுங்கள். கும்பகோணத்தில் விடுதியோ கடையோ வைத்திருப்பவர்கள் 2028 மகாமகத்துக்கான பக்கத்தை முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது.

படி 7: வாரம் ஒருமுறை கணக்குப் பார்ப்பது

சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியைத் திறங்கள். எந்தச் சொல்லுக்கு நம் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தட்டி வந்தார்கள் என்று 16 மாதம் வரை வைத்திருக்கும். நிறைய முறை காட்டியும் யாரும் தட்டவில்லையென்றால் டைட்டிலை மாற்றுங்கள். நமக்குப் பக்கமே இல்லாத சொல் அங்கே வந்தால் அதுதான் புதையல்.

போன மாதம் அப்படி ஒன்று வந்தது: "பழைய குத்துவிளக்கு பாலிஷ் போட". மாமாவிடம் காட்டினேன்.

"இதை நாமதான் தினம் செய்யறோமே மாப்ள?"

"சைட்ல எழுதலையே மாமா."

கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எழுதிக்க. மொதல்ல மரையைக் கழட்டணும். எண்ணெய்ப் பிசுக்கு அங்கதான் சேரும்..." என்று ஆரம்பித்தார். நான் தட்டத் தொடங்கினேன்.