வெளிநாட்டுத் தளங்களில் தீபாவளித் துணி வாங்குவோருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு இந்தியாவிலிருந்து சுடிதார் தருவிப்பவர்கள், தளத்தில் காணும் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. ஆயத்த ஆடைக்குப் பொதுவாக 45 சதவீதச் சுங்க வரி உண்டு. பொருளின் விலையோடு அதில் பத்திலொரு பங்கையும் அந்தச் சுங்க வரியையும் கூட்டி, வரும் தொகையின் மீது 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி விதிப்பதால் (அந்தப் பத்திலொரு பங்கு கணக்குக்கு மட்டுமே; அதைக் கட்ட வேண்டியதில்லை), 1,000 ராண்டுச் சுடிதார் அஞ்சல் செலவு நீங்கலாகவே 1,682.50 ராண்டு ஆகிவிடும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக் கடையில் பேரம் பேசினால் இதைவிட மலிவாகவே கிடைக்கலாம்.

விற்பவர் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால், தள்ளுபடி எவ்வளவாயினும் மறுத்துவிடுங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதை, முகவரிச் சீட்டு தெரியும்படி கைப்பேசியில் படம் பிடித்த பிறகே 'பெற்றுக்கொண்டேன்' என்பதை அழுத்துங்கள். 'சுங்கக் கட்டணம் பாக்கி' என்று வரும் குறுஞ்செய்தியின் இணைப்பைத் தொடாமல், கண்காணிப்பு எண்ணை அஞ்சல் நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள்.