படிப்புக்கும் வேலைக்கும் சோஷியல் மீடியா: பார்ப்பதைக் குறையுங்கள், கேள்வி கேட்பதைக் கூட்டுங்கள்

பல்கலைக்கழகத்தில் படிக்கிற யாரிடமும் "போனை மூடி வைத்துவிட்டுப் படி" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வகுப்பு மாறிய தகவல் வாட்ஸ்அப்பில் வருகிறது, பாதிப் பாடம் யூடியூபில்தான் புரிகிறது, இன்டர்ன்ஷிப் அறிவிப்பு லிங்க்ட்இன்னில் கிடக்கிறது. மூடி வைத்தால் நஷ்டம் நமக்குத்தான். ஆனால் சும்மா தள்ளிக்கொண்டே பார்க்கிறவருக்கு இவற்றால் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. ஒழுங்காகக் கேள்வி கேட்கிறவருக்கும், தான் படித்ததையும் செய்ததையும் எழுதிப் போடுகிறவருக்கும்தான் கிடைக்கிறது.

முதலில் யாரைப் பார்க்கிறோம் என்பதைச் சரி செய்துவிடலாம். உங்களுக்குப் பிடித்த ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுங்கள், எழுதியவர்களின் பெயரைத் தேடுங்கள், அவர்கள் யாரோடு விவாதிக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் துறையில் தொடர்ந்து எழுதுகிற பத்துப் பதினைந்து பேர் அப்படியே கிடைத்துவிடுவார்கள். எக்ஸில் (2023 வரை ட்விட்டர்) 'லிஸ்ட்' வசதி இருக்கிறது. இவர்களை மட்டும் அதில் சேர்த்துக்கொண்டு, முகப்புப் பக்கத்துக்குப் போகாமல் நேராக அந்த லிஸ்டைத் திறந்தால் அல்காரிதம் திணிக்கிற சண்டை எதுவும் கண்ணில் படாது. ஆய்வாளர்கள் பலர் எக்ஸ் மாதிரியே இருக்கிற ப்ளூஸ்கைக்கும் மாஸ்டடானுக்கும் போய்விட்டார்கள். உங்கள் துறைக்காரர்கள் எங்கே பேசுகிறார்களோ அங்கே ஒரு கணக்கு போதும், எல்லா இடத்திலும் கால் வைக்க வேண்டாம். புதிய கட்டுரைகளைத் தெரிந்துகொள்ள மட்டும் இதையெல்லாம் நம்பாதீர்கள். கூகுள் ஸ்காலரில் உங்கள் தலைப்புக்கு அலர்ட் வைத்துவிட்டால் மெயிலுக்கே வந்துவிடும்.

யூடியூபில் பாடம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. வீடியோ ஓடும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும், மறுநாள் பேப்பரை எடுத்தால் கை நகராது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள்: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அதனால் வீடியோ முடிந்ததும் அடுத்ததற்குத் தாவாமல், அதை மூடிவிட்டு, புரிந்ததை ஐந்தாறு வரியில் எழுதி உங்கள் படிப்புக் குழுவில் போடுங்கள். தப்பாக எழுதியிருந்தால் யாராவது திருத்துவார்கள், அந்தத் திருத்தம் ஆயுசுக்கும் மறக்காது.

அப்புறம் வகுப்பு வாட்ஸ்அப் குழு. தேர்வுக்கு முந்தின ராத்திரி "யாராவது யூனிட் 3 நோட்ஸ் அனுப்புங்க" என்று பத்துப் பேர் கேட்பதும், குட் மார்னிங் படங்களுக்கு நடுவில் அந்த பிடிஎஃப் புதைந்து போவதும் எல்லாக் குழுவிலும் நடப்பதுதான். குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று செட்டிங்கை மாற்றி அறிவிப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்று பேசுவதற்கு. நோட்ஸை எல்லாம் ஒரே டிரைவ் ஃபோல்டரில் போட்டு அதன் லிங்கைக் குழுவின் டிஸ்கிரிப்ஷனில் வையுங்கள். பேசுகிற குழுவை ம்யூட் செய்துவிட்டு நீங்கள் விரும்பும் நேரத்தில் திறங்கள்.

கேள்வி கேட்பதுதான் இதில் பெரிய கலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு புள்ளியியல் சிக்கலை எடுத்துக்கொள்வோம். "ரிக்ரெஷன் சரியா வரல, யாராவது ஹெல்ப் பண்ணுங்க" என்று போட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தோன்றாது. என்ன வரவில்லை என்று திருப்பிக் கேட்கவே இரண்டு மெசேஜ் ஆகும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"ஆர்-ஸ்கொயர் 0.82 வருகிறது, ஆனால் எந்த மாறியின் பி-மதிப்பும் 0.05-க்குக் கீழே வரவில்லை. மாறிகளுக்குள்ளேயே தொடர்பு அதிகமாக இருக்குமோ என்று விஐஎஃப் (அந்தத் தொடர்பைக் காட்டும் எண்) பார்த்தேன், இரண்டு மாறிகளுக்கு 10-ஐத் தாண்டுகிறது. ஒன்றை எடுத்துவிடலாமா, வேறு வழி இருக்கிறதா?"

என்ன நடந்தது, நீங்கள் என்ன முயன்றீர்கள், எங்கே நிற்கிறீர்கள் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. இப்படிக் கேட்டால் முன்பின் தெரியாத ஆராய்ச்சியாளரும் பதில் எழுத உட்காருவார். இப்படி எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தானாகத் தட்டுப்பட்டுவிடும் என்பது தனி லாபம். பதில் கிடைத்ததும் என்ன செய்து சரியானது என்று கீழேயே ஒரு வரி எழுதுங்கள், அடுத்த வருஷம் அதே சிக்கலோடு தேடி வருகிற ஒருவருக்கு அது உதவும்.

பணம் கட்டினால்தான் திறக்கும் கட்டுரை என்றால் எழுதியவரிடமே கேளுங்கள். "உங்கள் கட்டுரையின் சுருக்கம் படித்தேன், என் ஆய்வில் இந்தப் பகுதிக்கு உங்கள் முறை தேவைப்படுகிறது, ஒரு பிரதி அனுப்ப முடியுமா" என்று மூன்று வரி போதும். தன் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சந்தோஷம்தான்.

ஆசிரியர்களுக்கு வருகிறேன். வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய போன் நம்பரும் எல்லோருக்கும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு மாணவிக்கு அது தொந்தரவாக முடியலாம். நம்பர் வெளியே தெரியாத டெலிகிராம் சேனல் போல ஏதாவது இருந்தால் நல்லது. மதிப்பெண், வருகைப் பதிவு இவை எந்தக் குழுவிலும் வரவே கூடாது. பாட வீடியோவை யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக ஏற்றினால் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்ப்பார்கள், கேப்ஷன் போட்டுவிடுங்கள், காது கேளாதவர்களுக்கு மட்டுமில்லை, சத்தமான இடத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கும் அது வேண்டும். எந்தச் செயலியிலும் கணக்கு வைத்துக்கொள்ள விரும்பாத மாணவர் ஒருவர் வகுப்பில் இருப்பார். அவருக்கும் அதே பாடம் வேறு வழியில் போய்ச் சேர வேண்டும், இதில் சமரசமே கிடையாது.

வேலை விஷயத்தில் லிங்க்ட்இன்னைத் தவிர்க்க முடியாது. பெயருக்குக் கீழே வருகிற ஹெட்லைனுக்கு 220 எழுத்து வரை இடம் தருகிறார்கள், அதில் பலர் "மாணவர், வேலை தேடுகிறேன்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். "வேதியியல் முதுகலை இறுதியாண்டு, கழிவுநீரில் கன உலோகங்களை அளப்பதில் ப்ராஜெக்ட், தரக் கட்டுப்பாட்டு லேபில் வேலைக்குத் தயார்" என்று எழுதினால் தேடுகிறவர் கண்ணில் படும். போட்டோ முகம் தெரிகிற மாதிரி இருந்தால் சரி, அதற்குமேல் மெனக்கெட வேண்டாம். ப்ராஜெக்ட் முடிந்தபின் சான்றிதழைப் படம் பிடித்துப் போடுவதைவிட, என்ன பிரச்சினை வந்தது, எதை மாற்றினீர்கள், எது கடைசிவரை வேலை செய்யவில்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள். நேர்காணலில் கேட்கப்போவது அதைத்தான். யாருக்காவது இணைப்புக் கோரிக்கை அனுப்பினால் ஏன் அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள், "வேலை வாங்கித் தாருங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். வேலைக்கு முன்பணம் கேட்கிறவன் யாராக இருந்தாலும் மோசடிக்காரன், உடனே பிளாக் செய்யுங்கள்.

ஆய்வு செய்கிறவர்கள் ஆர்க்கிட் (ORCID) என்ற 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண் ஒன்றை இலவசமாக எடுத்து எல்லா ப்ரொஃபைலிலும் போட்டுவிடுங்கள், ஒரே பெயரில் பலர் இருக்கும்போது உங்கள் கட்டுரைகள் உங்கள் பெயரிலேயே நிற்கும். பதிப்பகத்தின் இறுதி பிடிஎஃபை, ஆய்வாளர்கள் கட்டுரை பகிர்கிற ரிசர்ச்கேட் தளத்தில் ஏற்றுவதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பல பதிப்பகங்கள் அதை அனுமதிப்பதில்லை. முக்கியமாக, வெளியாகாத தரவை நெறியாளரைக் கேட்காமல் போஸ்ட் செய்யாதீர்கள். காப்புரிமைக்கு வாய்ப்புள்ள கண்டுபிடிப்பு என்றால், விண்ணப்பிப்பதற்கு முன் பொதுவெளியில் போட்ட ஒரு போஸ்டே பல நாடுகளில் அந்த உரிமையைக் கெடுத்துவிடும்.

பட்டம் முடிந்தால் பல இடங்களில் பல்கலைக்கழக மெயிலை நிறுத்திவிடுவார்கள். லிங்க்ட்இன், ஆர்க்கிட், கிட்ஹப் (புரோகிராம் கோடு பகிரும் தளம்) எல்லாவற்றிலும் சொந்த மெயிலை இரண்டாவது முகவரியாக இன்றைக்கே சேர்த்து, உறுதி செய்யும் லிங்கையும் கையோடு அழுத்திவிடுங்கள்.