மணல்திட்டில் கூடாரம் அடிக்காதீர்கள்: மலையாற்றங்கரையில் தங்கப் போகும் குழுக்களுக்கு

மழை பிடித்து ஓடைகளில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் போதும், வேலூர், ஆரணி, ஆம்பூர்ப் பக்கத்து இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து ஜவ்வாது மலைப் பள்ளத்தாக்குகளை நோக்கிக் கிளம்பிவிடுகிறார்கள். அறை கிடையாது, கழிப்பறை கிடையாது, குழாய் கிடையாது, மின்சாரம் கிடையாது. ஆறு, பாறை, காடு, தோளில் சுமந்து வந்த அரிசி பருப்பு, அவ்வளவுதான். இப்படிக் குழுவாகத் தங்குவது எனக்கு உயிரான காரியம். புதியவர்களை அழைத்துப்போகும் பொறுப்பைப் பல ஆண்டுகளாக ஏற்று வருகிறேன். தொடக்க காலத்தில் எங்கள் கூட்டம் செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

டார்ச் விளக்கை மறப்பது, போர்வை போதாமல் விடிய விடிய நடுங்குவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை ஓர் இரவே கற்றுக்கொடுத்துவிடும். கற்றுக்கொள்ள இரண்டாம் வாய்ப்புத் தராத தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

மணலில் கூடாரம்

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்காத தவறு இதுதான்.

இரு பக்கமும் மலை நெருங்கி நிற்கும் பள்ளத்தாக்கில் சமமான இடம் எளிதில் கிடைக்காது. மேலே கல்லும் முள்ளும். கீழே ஆற்றின் வளைவில் வெள்ளை வெளேரென்று ஒரு மணல்திட்டு. கல் இல்லை, முள் இல்லை, கையெட்டும் தூரத்தில் தண்ணீர். களைத்துப்போய் வருகிறவர்கள் மூட்டையை அங்கேதான் இறக்குகிறார்கள். அந்த மணல் அங்கே எப்படி வந்தது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல் அது. அங்கே புல் முளைக்காததற்கும் சருகு சேராததற்கும் காரணம், அடிக்கடி வரும் வெள்ளம் அதைக் கழுவிக்கொண்டே இருப்பதுதான்.

“மழையே இல்லையே” என்பார்கள். உங்கள் தலைக்கு மேலே மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. 1 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1 கோடி லிட்டர் தண்ணீர். உங்கள் ஓடைக்கு மேலே 10 சதுர கிலோமீட்டர் மலைச்சரிவு இருந்து, அங்கே 5 சென்டிமீட்டர் பெய்தால் 50 கோடி லிட்டர். செங்குத்தான சரிவும் வெறும் பாறையும் அதில் கொஞ்சம்தான் உறிஞ்சும். மீதியெல்லாம் ஒரே ஓடையில் வந்து விழும். சமவெளி ஆறாக இருந்தால் தண்ணீர் பரவ இடம் உண்டு. மலை இடுக்கில் அது உயரத்தான் முடியும்.

வருகிற நேரமும் கவனிக்க வேண்டியது. நம் பக்கத்தில் பகலெல்லாம் வெயில் காய்ந்து, சாயங்காலம் மலை உச்சியில் மேகம் திரண்டு, இருட்டும் நேரத்தில் இடிமழை கொட்டும். சித்திரை, வைகாசியிலும் இது உண்டு, ஆவணி, புரட்டாசியிலும் உண்டு. உச்சியில் பெய்த மழை ஓடை வழியே இறங்கி உங்களிடம் வந்து சேரும்போது நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவிப் படுத்திருப்பீர்கள்.

மேலே பெய்ததற்குக் கீழே இருப்பவர்கள் அழிவது, வேலூரும் திருவண்ணாமலையும் சேர்ந்திருந்த பழைய வடாற்காடு மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1903 நவம்பரில் அன்றைய மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம்தான் வாணியம்பாடியில் பல உயிர்களைக் குடித்தது.

ஓர் ஐப்பசி மாதம். ஜவ்வாது மலையின் வேலூர்ப் பக்கத்திலுள்ள அமிர்தி அருகே, காட்டை ஒட்டிய பட்டா நிலத்தில், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு நாங்கள் மேட்டிலிருந்த புளியந்தோப்பில் தங்கியிருந்தோம். கீழே மணல்திட்டில் வேறொரு குழு இரண்டு பெரிய கூடாரங்களை அடித்துக்கொண்டிருந்தது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பிய மலைக்காரப் பெரியவர் ஒருவர் அவர்களிடம் நின்று சொன்னார்: “தம்பி, ஆடே இங்கே படுக்காது. மேலே போய்விடுங்கள்.” அவர்கள் வானத்தைக் காட்டினார்கள். வானத்தில் நட்சத்திரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் இறங்கிப் போய்ச் சொன்னேன். தெற்கே மலைக்குப் பின்னால் மின்னல் வெட்டுவதைக் காட்டினேன். இடிச் சத்தம் கேட்கவில்லையே, மழை எங்கோ தொலைவில் என்றார்கள். ஓடையின் இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடி எங்கே கேட்கப் போகிறது!

இரவுச் சாப்பாடு முடிந்த நேரத்தில் முதலில் சத்தம் மாறியது. சலசலப்பு போய், அடியிலிருந்து ஓர் உறுமல். டார்ச் அடித்துப் பார்த்தால், தண்ணீரின் முகப்பில் பழுப்பு நுரை, அதன் மேல் சருகும் சுள்ளியும் புங்கங்காய்களும் மிதந்து வந்தன. அப்போது தண்ணீர் கணுக்கால் அளவுதான். நாங்கள் கத்திக்கொண்டே இறங்கினோம். அவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். செருப்பை மாட்டி முடிப்பதற்குள் முழங்கால், மேட்டில் கால் வைக்கும்போது தொடை. எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று மூச்சு விட்ட நேரத்தில் ஒரு பையன் கைபேசியை எடுக்கத் திரும்பி ஓடினான். வேகமாக ஓடும் முழங்கால் தண்ணீர் ஆளைச் சாய்த்துவிடும். அவனையும் சாய்த்தது. இருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சட்டையைப் பற்றி இழுத்து வந்தார்கள். நெஞ்சில் கல் உரசிய காயத்தோடு பிழைத்தான். பாத்திரங்கள், அரிசி, பைகள் எல்லாம் போயின. ஒரு கூடாரம் மட்டும் மறுநாள் வெகு தூரம் கீழே ஒரு நீர்மருதின் வேரில் முறுக்கிக்கொண்டு கிடந்தது.

அடுத்த மாதமே அதே திட்டில் வேறொரு குழு கூடாரம் அடித்திருந்தது. வெள்ளம் அந்த மணலை முன்னைவிடச் சுத்தமாக விரித்து வைத்திருந்தது. என் ஆத்திரம் இதனால்தான்.

இடம் பார்ப்பது கடினமில்லை. கரையோர மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைகளில் செத்தை, வைக்கோல், கந்தல் துணி, பிளாஸ்டிக் பை சிக்கியிருக்கும். வெள்ளம் தொட்ட உயரம் அது. உங்கள் படுக்கை அந்தக் கோட்டுக்கு மேலே, நன்றாக மேலே இருக்க வேண்டும். ஆற்றிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி என்பது உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. ஆனால் மலை இடுக்கில் தூரத்தைவிட உயரமே முக்கியம். அதற்காகச் சரிந்து நிற்கும் பாறைக்கு நேர் கீழேயும் படுக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே, ஆற்றைக் கடக்காமல் மேலே ஏறும் வழி ஒன்றை எல்லோரும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகு கூட்டமாக மிதந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும் ஏறுங்கள். பொருள் எதையும் எடுக்காமல் ஏறுங்கள்.

எதிர்க்கரை

எதிர்க்கரை எப்போதும் அழகாகத் தெரியும். சாலை இருக்கும் கரையை விட்டுத் தாண்டாதீர்கள். இரவில் தண்ணீர் ஏறினால், நோயாளி ஒருவரோடு இரண்டு நாள் அங்கேயே இருக்க நேரும். ஆற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவிலுள்ள திட்டு இன்னும் மோசம்.

ஆற்றுக் கல்லில் அடுப்பு

ஈரம் ஊறிய கல் சூட்டில் வெடித்துக் கண்ணில் தெறிக்கும். வேண்டாம்.

கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர்

மேலே கிராமம் இருக்கிறது, மாடு இருக்கிறது, உங்களைப் போலவே தங்கியிருக்கும் இன்னொரு கூட்டமும் இருக்கலாம். கொதித்துக் குமிழ் வந்த பிறகு 1 நிமிடம் விடாமல் கொதிக்கட்டும். குளோரின் மாத்திரை என்றால் அட்டையில் போட்டிருக்கும் நேரம், பெரும்பாலும் 30 நிமிடம், பொறுத்திருந்து குடியுங்கள். மழைக்குப் பிறகு கலங்கி வரும் தண்ணீரைத் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளியவைக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் தெளிந்தது என்பதற்காகக் கிருமி செத்துவிட்டது என்று நம்பாதீர்கள். தெளியவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, அதன் பிறகு கொதிக்கவையுங்கள்.

இதோடு சேர்ந்தது கழிப்பிடம். பதினைந்து பேர் ஆளுக்கொரு புதரைத் தேடினால் அந்தக் கரை ஒரே நாளில் நாறிவிடும். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக, ஆற்றிலிருந்து 60 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி ஓர் இடம் குறித்து, மண்வெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். ஒரு சாண் ஆழக் குழி, முடிந்ததும் மண் மூட வேண்டும். சோப்பும் ஷாம்பூவும் ஆற்றில் இறங்கக்கூடாது. வாளியில் மொண்டு தள்ளிவந்து குளியுங்கள்.

புல்லில் உருள்வது

பாம்புக்குப் பயப்படுகிற அளவில் நூற்றில் ஒரு பங்கு கூட இதற்கு யாரும் பயப்படுவதில்லை. புதரிலும் புல்லிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் இருக்கின்றன. அவற்றின் இளம்பருவம் கடித்தால் வருவது ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல். வேலூர் வட்டாரத்தில் இது நன்கு அறியப்பட்ட நோய். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் நோயும்கூட. மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட மாதங்களில் அதிகம், அதாவது நீங்கள் ஆசையாகக் கிளம்பும் அதே மாதங்களில்.

கடித்தது தெரியாது. காய்ச்சல் வர ஒரு வாரம், பத்து நாள், சில வேளை அதற்கும் மேல் ஆகும். அதற்குள் மலைக்குப் போனதே மறந்திருக்கும். எங்களோடு வந்த ஒரு தம்பி சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே மூச்சுத் திணறும்வரை வீட்டில் கிடந்தான். பிறகுதான் ஒரு மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குளில் வலியில்லாத கருத்த பொருக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். சரியான நேரத்தில் கொடுத்தால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்தே போதும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய் உயிரை வாங்கும். எனவே தார்ப்பாய் விரித்து உட்காருங்கள், முழுக்கால் சட்டை போடுங்கள், திரும்பியதும் தேய்த்துக் குளித்துத் துணிகளை வெந்நீரில் அலசுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் “காட்டில் தங்கியிருந்தேன்” என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வெறுந்தரையில் படுப்பது

கட்டுவிரியன் இரவில் திரியும். தூங்குகிறவரைக் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. கூடாரத்தின் ஜிப்பை முழுவதும் மூடிப் படுங்கள். கடித்துவிட்டால் கீறவும் வேண்டாம், கயிற்றால் இறுக்கவும் வேண்டாம். கடிபட்ட இடம் அசையாதபடி வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது. 108-ஐ அழைக்க எந்த மேட்டுக்கு ஏற வேண்டும் என்பதையும் முதல் நாளே பார்த்துவையுங்கள்.

எல்லோரும் தலைவர்

நான்கு பேர் போனால் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வார்கள். பதினைந்து பேர் போனால், மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். நண்பர்களுக்குள் எதற்குத் தலைவன் என்று கூச்சப்படாமல் ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். “ஏறு” என்று அவர் சொன்னால் ஏற வேண்டும், விவாதம் கூடாது. குளிக்கப் போகும்போதும் திரும்பும்போதும், படுக்கும் முன்பும் தலை எண்ணுங்கள். இரவில் இரண்டு இரண்டு பேராக முறை வைத்து விழித்திருங்கள். ஆற்றின் சத்தத்தைக் கேட்பதுதான் அவர்கள் வேலை. முறைக்காவலில் இருப்பவர்கள் குடித்திருந்தால் காவலே இல்லை.

ஒலிபெருக்கி

கொண்டுபோகாதீர்கள். ஆற்றின் உறுமல் உங்கள் காதில் விழ வேண்டும்.

கேம்ப் ஃபயர்

மாசி பங்குனியில் ஜவ்வாது மலைக் காடு இலை உதிர்த்துத் தரையெல்லாம் சருகாகக் கிடக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்கக்கூடாது. கோடையில் சின்ன எரிவாயு அடுப்பு போதும், படத்துக்காக மூட்டும் தீ வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில், அனுமதி உள்ள இடத்தில் அடுப்பு மூட்டினாலும் மணல் போட்டு மூடிவிட்டு நடக்காதீர்கள், அடியில் கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடியும் ஊற்றி, சாம்பலுக்குள் கைவிட்டால் குளிர வேண்டும்.

கேட்காமல் நுழைவது

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. 1989இல் வடாற்காடு பிரிந்தது, 2019இல் வேலூர் மறுபடியும் பிரிந்தது. இன்று ஒரே ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. அமிர்தி வேலூர் மாவட்டத்தில், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்தில். நீங்கள் போகும் ஓடை எந்த வனத்துறை அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று தெரிந்துகொண்டு அங்கே கேளுங்கள். காட்டுக்குள் இரவு தங்க முடியாது என்று சொன்னால், அடிவாரத்தில் பட்டா நிலம் வைத்திருப்பவரிடம் கேட்டுத் தங்குங்கள். அவர் நிலத்தின் வெள்ளக் கோடு அவருக்குத்தான் தெரியும்.

வீட்டில் ஒருவரிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போங்கள்: யார் யார் போகிறார்கள், எந்த ஊர் வழியாக, எந்த ஓடை, எந்த நாள் எந்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதி.