நாய்க்குப் பேஸ்மேக்கர்: எங்கே தப்பு நடக்கிறது?

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் வீட்டு நாய் மாடிப்படியில் பொத்தென்று விழுந்தால், "வலிப்பு, சாவியைக் கொண்டா" என்றுதான் முதல் குரல் வரும். பல நாய்கள் இதனாலேயே மாதக்கணக்கில் வலிப்பு மாத்திரை தின்கின்றன. வலிப்பு வந்த நாய் தெளிந்த பிறகும் கொஞ்ச நேரம் திருதிருவென்று விழிக்கும். இதயம் மந்தமாகி மயங்கிய நாயோ பெரும்பாலும் சில நொடிகளில் எழுந்து வாலாட்டும். மயக்கத்திலும் கால் விறைக்கலாம் என்பதால், செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

நாடியை எண்ணிப் பார்க்காதது அடுத்த தவறு. நாய் படுத்திருக்கும்போது பின்தொடையின் உட்புறம் விரல்களை மெதுவாக வைத்து, 15 நொடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். வளர்ந்த நாய்க்குச் சாதாரணமாக 60 முதல் 140 வரை இருக்கும். மூச்சை இழுக்கும்போது வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் துடிப்பது நாய்க்கு இயல்பு, பதற வேண்டாம். விழித்திருக்கும்போதே 40 பக்கம் நின்றால் தள்ளிப்போடாதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஈசிஜி எடுங்கள்.

வீட்டில் தாத்தா போடும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. 'இதய மாத்திரைதானே' என்கிறார்கள். துடிப்பை இன்னும் குறைக்கும் மருந்து அது!

மின்தூண்டல் கொடுத்து இதயத்தைத் துடிக்க வைக்கும் சின்னக் கருவிதான் பேஸ்மேக்கர். அது மந்தமான இதயத்துக்கானது. முழு இதய அடைப்பு, அதாவது மேலறையின் மின் சமிக்ஞை கீழறைக்குப் போகாத நிலை, அதற்கு முக்கியக் காரணம். படபடவென்று அடிக்கும் இதயத்துக்குப் பெரும்பாலும் மருந்துதான். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலும் துடிப்பு குறையும் என்பதால், ரத்தப் பரிசோதனை இல்லாமல் கத்திக்குச் சம்மதிக்காதீர்கள்.

வைத்த பிறகுதான் கவனக்குறைவு அதிகம். கருவியின் கம்பி பொதுவாகக் கழுத்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் போகிறது. கருவியும் பெரும்பாலும் கழுத்துத் தோலுக்கடியில். அதனால் கழுத்துப்பட்டையே கூடாது, மார்பில் மாட்டும் ஹார்னஸ்தான். அந்தப் பக்கக் கழுத்தில் ரத்தம் எடுக்கவும் விடாதீர்கள். முதல் மாதம் கட்டிலில் தாவினால் கம்பி நழுவலாம். காசிமேட்டுக் காற்று வாங்கும் ஓட்டமெல்லாம் அப்புறம்.

நாய்களுக்கு வைப்பதும் மனிதர்களுக்கான கருவிதான், சில சமயம் ஒருமுறை பயன்படுத்தியதும்கூட. ஒவ்வொரு கம்பெனிக்கும் பேட்டரியைச் சோதிக்கும் இயந்திரம் வேறு. அது யாரிடம் இருக்கிறது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்.